இரு சாயல் கொண்ட ஒரு மலர்

குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த விலங்கைக் கோவேறு கழுதை என்கிறோம். அதன் நீண்ட காது கழுதையை நினைவூட்டும். உடற்கட்டு குதிரையை நினைவூட்டும். இவ்வாறு இருவேறு இனங்களின் சேர்க்கையால் தோன்றுவதைக் கலப்பினம் என்பர். காட்டு மலர்களிலும் கலப்பினங்கள் உண்டு. அவற்றை இனங்காண்பது எளிதன்று.

இங்கிலாந்தின் வடமேற்கே கம்பிரியா பகுதியில் ஹட்டன் ரூஃப் என்னும் குன்று உள்ளது. அதன் மேற்பரப்பு வெண்சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறையால் ஆனது. பனியாறுகள் மேல்மண்ணை வழித்துச் சென்றன. மழைநீர் பாறையைக் கரைத்து ஆழமான பிளவுகளை உண்டாக்கியது. மண் குறைந்த அப்பிளவுகளில் ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த இரு செடிகள் வளர்கின்றன. ஒன்று கருஞ்சிவப்பு ஹெல்லபரைன். மற்றொன்று அகலிலை ஹெல்லபரைன்.

முன்னது சற்று முந்திப் பூக்கும். பின்னது பிந்திப் பூக்கும். எனினும் ஜூலைத் திங்களில் இரண்டும் ஒருசேரப் பூத்திருப்பதுண்டு. அப்போது குளவி முதலிய பூச்சிகள் ஒன்றன் மகரந்தத்தை மற்றொன்றிற்குச் சுமந்து செல்லும். அரிதாக அதனால் கலப்பினம் தோன்றும்.

அதனை எவ்வாறு அறிவது? முதலில் நிறத்தைப் பார்ப்பது இயல்பு. ஆனால் நிறம் ஏமாற்றும். அகலிலை ஹெல்லபரைன் பச்சையாகவும் பூக்கும். ஊதாச் சிவப்பாகவும் பூக்கும். கருஞ்சிவப்பு வகையிலும் வெளிறிய மலர்கள் உண்டு. ஆகவே, வேறு மூன்று அடையாளங்களையும் நோக்க வேண்டும்.

1. இலை: கருஞ்சிவப்பு வகையில் இலைகள் தண்டின் இருபுறமும் இரு வரிசையாக நிற்கும். அகலிலை வகையில் தண்டைச் சுற்றிச் சுழன்று அமையும்.
2. தண்டு: கருஞ்சிவப்பு வகையில் மென்மயிர் அடர்ந்திருக்கும். மற்றதில் குறைவு.
3. உதட்டிதழ்: கருஞ்சிவப்பு வகையில் இதன் மேடுகள் மிகுந்த சுருக்கமுடையவை. மற்றதில் பெரும்பாலும் வழவழப்பானவை.

இவற்றுள் சில ஒரு பெற்றோரையும், சில மற்றொரு பெற்றோரையும் ஒத்து, சில இடைப்பட்டும் இருந்தால் அது கலப்பினமாகலாம். ஓர் அடையாளம் கொண்டு முடிவு செய்தல் கூடாது. பிழையான பதிவு, இல்லாத செடியை இருப்பதாகக் காட்டிவிடும். பின்வருவோரின் ஆய்வையும் திசைதிருப்பும்.

ஐயம் தீர்க்கச் செடியைப் பறிக்கலாமா? ஆகாது. ஆர்க்கிட் விதை தூசி போல் நுண்ணியது. முளைப்பதற்கு மண்ணிலுள்ள பூஞ்சையின் துணை வேண்டும். பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பறித்த மலர் ஓர் ஐயத்தைத் தீர்க்கலாம். பல்லாண்டு வளர்ச்சியை ஒரு நொடியில் அழித்துவிடும். எனவே அறிந்தோர் குனிந்து பார்ப்பர், உருப்பெருக்கியால் நோக்குவர், படம் எடுப்பர், செடியை அங்கேயே விட்டுச் செல்வர். நில உரிமையாளரின் இசைவின்றிக் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவதை அந்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

சொல்லும் பொருளும்
சாயல் – தோற்ற ஒற்றுமை
ஐயம் – சந்தேகம்
இசைவு – சம்மதம்
உருப்பெருக்கி – சிறியதைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி

பயிற்சி
1. நிறத்தை மட்டும் கொண்டு கலப்பினத்தை முடிவு செய்யக் கூடாது. ஏன்?
2. பிழையான பதிவால் விளையும் தீமை யாது?
3. பிரித்து எழுதுக: கருஞ்சிவப்பு, உதட்டிதழ்.
4. உம் பள்ளி வளாகத்தில் ஒத்த தோற்றமுடைய இரு செடிகளைப் பறிக்காமல் நோக்கி, மூன்று வேறுபாடுகளை எழுதுக.