தொலைவு வேறு, நேரம் வேறு

டெல்லியிலிருந்து அதிகாலை 4 மணிக்குப் புறப்படும் விமானம், அதே நாள் காலை 7 மணிக்குச் சான்பிரான்சிஸ்கோவைச் சென்றடையும் என்று ஜூன் மாதப் பயணச்சீட்டு ஒன்றில் அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். மூன்றே மணி நேரப் பயணமா என்று நாம் வியக்க வேண்டியதில்லை. அவை இரு வேறு கடிகாரங்கள் காட்டும் நேரங்கள்.

முதலில் தொலைவைக் காண்போம். தட்டையான நிலப்படத்தில் அளவுகோலை வைத்து அளந்தால் விடை பிழையாகும். உலக உருண்டையின்மீது இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது ஆர்க்டிக் பகுதியின் வழியே செல்லும். அதுவே மிகக் குறுகிய வழி. அதன் நீளம் சுமார் 12,400 கிலோமீட்டர்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் இத்தொலைவைக் கடக்க 13 மணி 45 நிமிடம் போதும். ஆனால் நடைமுறையில் 15 அல்லது 16 மணி நேரம் ஆகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. சில நாடுகளின் வான்வெளி மூடப்பட்டால் சுற்றிச் செல்ல நேரிடும். 2019இல் பாகிஸ்தான் தன் வான்வெளியைப் பல மாதங்கள் மூடியபோது இந்திய விமானங்கள் அவ்வாறே சுற்றிச் சென்றன.

காற்றின் பங்கும் பெரிது. உயர வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விசையுடன் காற்றோட்டம் வீசுகிறது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இவ்வழித்தடத்தில் அட்லாண்டிக்கை விடுத்துப் பசிபிக் வழியாகப் பறந்தது. தொலைவு சுமார் 1,400 கிலோமீட்டர் கூடியது. எனினும் பின்காற்றின் உதவியால் ஏறத்தாழ 14½ மணி நேரத்தில், முன்னைவிட விரைவாகவே பயணம் முடிந்தது.

இனி கடிகாரக் கணக்கு. கோடையில் சான்பிரான்சிஸ்கோ நம்மைவிட 12½ மணி நேரம் பின்தங்கியிருக்கும். குளிர்காலத்தில் 13½ மணி நேரம். அதிகாலை 4 மணியுடன் 15½ மணி நேரப் பயணத்தைக் கூட்டினால் இந்திய நேரம் இரவு 7.30. அதிலிருந்து 12½ மணி நேரத்தைக் கழித்தால் காலை 7 மணி. கணக்குச் சரியாகிறது.

திரும்பும் பயணத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. அங்கே செவ்வாய் இரவு 9 மணிக்குப் புறப்படுவோருக்கு இந்தியாவில் அப்போது புதன் காலை 9.30. பதினாறு மணி நேரம் பறந்து இறங்கும்போது வியாழன் அதிகாலை 1.30 ஆகிவிடும். புதன்கிழமையின் வங்கி அலுவல் நேரம் முழுவதும் வானிலேயே கழிகிறது. அன்று கடன் தவணை செலுத்த வேண்டியிருந்தால், ஊர் திரும்பியதும் கட்டிவிடலாம் என்று எண்ணியவர் தாமதக் கட்டணத்திற்கு ஆளாவார். அவரது கடன் வரலாற்றிலும் அது பதிவாகக்கூடும்.

ஆகவே, பயணத்திற்கு முன்பே எல்லா நேரங்களையும் இந்திய நேரத்திற்கு மாற்றி ஒரு தாளில் குறித்துக்கொள்வோம். இடைப்பட்ட நாள்களில் வரும் தவணைகளை முன்னதாகவே செலுத்துவோம். அல்லது கணக்கில் போதிய இருப்பு வைத்து, தானாகவே பற்று வைக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்வோம். வானில் இருப்பவருக்காகத் தவணை நாள் காத்திருப்பதில்லை.