கண்ணீர்ப் புரதமும் ஒருநாள் வில்லையும்

மாணவர்களே, ஒருநாள் மட்டும் அணியும் மென்மையான தொடுவில்லையை மறுநாளும் அணியலாமா? "அழுக்குப் படியும்" என்று எழுதினால் போதாது. எந்த அழுக்கு என்பதே விடை.

கண்ணீரில் லைசோசைம் என்னும் நொதியம் உண்டு. பற்றீரியாவின் கலச்சுவரைச் சிதைக்கும் இதனை 1922 இல் அலெக்சாண்டர் பிளெமிங் அறிவித்தார். இது நேரேற்றமுடைய புரதம். ஆகவே மறையேற்றமுடைய பல்பகுதியத்தாலான வில்லையில், அணிந்த சில நிமிடங்களிலேயே ஒட்டத் தொடங்கும். ஒட்டியவுடன் தீங்கில்லை என்பதைக் கவனிக்க. நேரம் செல்லச் செல்ல, வில்லை உலர உலர, புரதத்தின் வடிவம் குலைகின்றது. அவிந்த முட்டை வெள்ளைக்கருவை மீண்டும் திரவமாக்க முடியுமா? இதுவும் அத்தகையதே. பின்னர் பார்வை மங்கும், கண் உறுத்தும், சிலருக்கு மேலிமையின் உட்புறத்தில் புடைப்புகள் தோன்றும்.

கந்தளாயில் கச்சான் காற்று வீசும் காலத்தில் வில்லை விரைவாக உலரும். வில்லை மலிவானதன்று, மிச்சம் பிடிக்கும் எண்ணம் விளங்குகின்றது. ஆனால் கழுவினாலும் படிந்த புரதம் முற்றாக நீங்காது. குளத்து நீரிலும் குழாய் நீரிலும் அகந்தமீபா இருக்கலாம். அது விழிவெண்படலத்தைத் தாக்கிப் பார்வையையே பறிக்கக்கூடும்.

பயிற்சி: லைசோசைம் கண்ணுக்குக் காவலாகவும் வில்லையில் படிவாகவும் அமைவது எவ்வாறு? இரண்டு வாக்கியங்களில் விளக்குக.