வேகம் வீட்டுக்குள்தான் குறைகிறதா?

கூடத்துக் கணினியில் இணையம் ஒழுங்காக ஓடும். உள் அறை மடிக்கணினி திணறும். உடனே பலர் கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள்.

நிறுவனம் உங்கள் வீட்டுக்குத் தருவது ஒரே ஒரு இணைப்பு. ரவுட்டர் ஒவ்வொரு கணினிக்கும் 192.168.1.5 என்பதுபோல ஓர் உள்முகவரி கொடுத்து, அந்த ஒரே இணைப்பை எல்லாருக்கும் பகிர்கிறது. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 12.5 மெகாபைட்) என்பது வீட்டில் உள்ள அத்தனை கணினிகளுக்கும் சேர்த்துத்தான். ஒருவர் நூற்றுக்கணக்கில் படங்களைப் பதிவேற்றும்போது இன்னொருவரின் வீடியோ அழைப்பு விட்டுவிட்டு வருவது இதனால்தான்.

முதலில் மற்ற கருவிகளைத் துண்டித்துவிட்டு, மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் நேராக இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். திட்டத்துக்குரிய வேகம் வந்தால் இணைப்பில் குறையில்லை. வைஃபையைத்தான் கவனிக்க வேண்டும். 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் 95-க்கு மேல் ஏறவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். அதில் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். முனையில் ஒரு கம்பி விட்டிருந்தாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடலாம். பழைய ரவுட்டர்கள் சிலவற்றில் போர்ட்டின் திறனே அவ்வளவுதான்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், ஆனால் அடுக்ககங்களில் அண்டை வீட்டு வைஃபைகளும் அதிலேயே நெரிசலாக இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது; கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். ரவுட்டரை வீட்டின் நடுவில், சற்று உயரத்தில் வையுங்கள். இடம் மாறாத மேசைக் கணினிக்கு கேபிள்தான் என் பரிந்துரை. 100 மீட்டர் வரை கவலையில்லை.

உள் அறைக்குப் பழைய ரவுட்டரைப் பயன்படுத்தலாம். அப்படியே செருகினால் இரண்டு ரவுட்டர்களும் போட்டி போட்டு முகவரி வழங்கும். வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டும், இணையம் வராது. எனவே அதைத் தனியாக மடிக்கணினியில் இணைத்து, டிஎச்சிபியை (தானாக முகவரி வழங்கும் வசதி) நிறுத்துங்கள். அதன் சொந்த முகவரியை, முதல் ரவுட்டர் பிற கருவிகளுக்கு வழங்கும் வரிசைக்கு வெளியே உள்ள ஓர் எண்ணாக மாற்றுங்கள். பிறகு இரண்டின் லேன் போர்ட்டுகளையும் கேபிளால் இணையுங்கள். வேன் போர்ட் (வெளி இணைப்புக்கான துளை) வேண்டாம்.

ஆன்டெனாவுக்குப் பின்னால் அலுமினியத் தாள் ஒட்டும் வைத்தியம் ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைக்கும். ரீசெட் துளையில் ஊசியால் குத்துவது அதைவிட மோசம்; இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல் உட்பட எல்லா அமைப்புகளும் அழிந்துபோகலாம். ரவுட்டர் திணறினால் அதன் மின்சாரத்தை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டாலே போதும்.

வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3-இல் வையுங்கள். ரவுட்டரோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.