சிக்கல் என்பது சாக்கு ஆகலாமா?

"அது பெரிய சிக்கலான விஷயம், நமக்கேன் வம்பு?" இந்த வார்த்தையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம், நாமே சொல்லியும் இருக்கிறோம். தையல் வகுப்பில் நூல் சிக்கிக்கொண்டால் நுனியைத் தேடிப் பொறுமையாகப் பிரிக்கிறோம். நியாயம், அநியாயம் என்று வரும்போது மட்டும் சிக்கலைக் காட்டி ஒதுங்கிவிடுகிறோம். இது அடக்கமா, சாக்கா? ஓர் உழவரின் வாழ்க்கையைக் கொண்டு இதை ஆராய்வோம்.

பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் 1907-இல் ஆஸ்திரியா நாட்டில் ஒரு சிற்றூரில் பிறந்தார். நிலத்தை உழுதார்; ஊர்க் கோவிலில் கோவிற்பிள்ளையாகவும் பணி செய்தார். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்துக்கொண்டு வாக்கெடுப்பு நடத்தியபோது, அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் இவர் ஒருவரே. பின்னர் சில மாதங்கள் படைப்பயிற்சி பெற்று ஊர் திரும்பினார். அதற்குள் அவர் மனம் தெளிந்துவிட்டது. பிறர் நாட்டைப் பறிக்கும் இந்தப் போர் அநீதியானது; இதில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்று முடிவு செய்தார்.

உறவினரும் குருக்களும் அவரைத் தடுத்தனர். ஆயரிடமே சென்று கேட்டார். அரசின் செயலுக்கு ஒரு குடிமகன் பொறுப்பல்ல, குடும்பத்தைக் காப்பதே உமது கடமை என்பதே அவருக்குக் கிடைத்த அறிவுரை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அவருக்கு மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் இருந்தனர். அரசியல் இரகசியங்கள் ஓர் உழவருக்குத் தெரியப்போவதும் இல்லை. ஆனால் அவர் கேட்டது அதுவன்று. குற்றமற்றவனைக் கொல்லும் வேலைக்கு நான் போகலாமா என்பதே அவர் கேள்வி. அதற்கு விடை காண இரகசியம் எதுவும் தேவையில்லை.

1943-இல் படைக்கு அழைக்கப்பட்டபோது ஆயுதம் ஏந்த மறுத்தார். காயம்பட்டோருக்கு உதவும் பணி செய்யச் சித்தமாயிருந்தார், அதை ஏற்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. போர் முடிந்த பின்பும் அவரைப் பழித்தவர்கள் உண்டு. 2007-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது. 94 வயதான அவர் மனைவி அத்திருச்சடங்கில் கலந்துகொண்டார்.

பிலாத்துவையும் நினைத்துப் பார்ப்போம். கூட்டத்தின் கூச்சல், இராயனைப் பற்றிய அச்சம், பாஸ்காத் திருநாள் நெருக்கடி என்று அவனுக்கும் சிக்கல்கள் பல. ஆனால் ஒன்று அவனுக்குத் தெளிவாகத் தெரியும்: எதிரே நிற்பவர் குற்றமற்றவர். தெரியாத பத்தைக் காட்டித் தெரிந்த ஒன்றை மறைத்தான். தீர்ப்பிலிருந்து தப்பியதாக நினைத்துக் கை கழுவினான், அதுவே தீர்ப்பாகிவிட்டது.

அப்படியானால் எதையும் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா? கூடாது. உண்மையிலேயே சிக்கலானவை உண்டு. அவற்றை நேர்மையாக அணுகுகிறோமா என்பதை அறிய இரண்டு கேள்விகள் போதும். ஒன்று, சிக்கல் என்று சொன்ன பிறகு நான் படித்தேனா, விசாரித்தேனா? இரண்டு, அதே தீங்கு எனக்கு நேர்ந்திருந்தால் அப்போதும் சிக்கல் என்றே சொல்வேனா?

சென்ற ஆண்டு ஒரு தோழியைப் பலர் சேர்ந்து ஒதுக்கி வைத்தார்கள். "இரண்டு பக்கமும் தவறு இருக்கும்" என்று சொல்லி நானும் பேசாதிருந்தேன். எந்தப் பக்கம் என்ன தவறு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு என்ன விசாரணை வேண்டியிருந்தது? இவ்வாண்டுதான் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அன்புத் தோழியரே, தெரியாததைக் கேட்டு அறிவோம். தெரிந்ததைத் தெரியாததுபோல் மறைக்காதிருப்போம். மனச்சான்று என்னும் விளக்கைத் தந்த இறைவன், அதன் ஒளியில் நடக்கும் துணிவையும் நமக்கு அருள்வாராக!

- பத்தாம் வகுப்பு மாணவி