காடைகள் உணர்த்திய பாடம்

பாண்டிநாட்டுக் கொற்கை முத்தால் புகழ்பெற்ற பழந்துறையாகும். பொருநையாறு கொணர்ந்த மணலால் அத்துறை தூர்ந்து, இன்று கடலினின்றும் விலகி நிற்கிறது. பிற்காலத்தில் தூத்துக்குடி முத்துக்குளித்தலில் சிறப்புற்றது.

கடலடியில் முத்துச் சிப்பிகள் வாழும் திடலைப் 'பார்' என்பர். முற்காலத்தில் முத்துக் குளிப்போர் கல் கட்டிய கயிற்றின் துணையால் பாரில் இறங்குவர். மூச்சை அடக்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் சிப்பிகளைத் திரட்டிய பின்னர்க் கயிற்றை அசைப்பர். தோணியில் நிற்பவர் உடனே இழுத்தல் வேண்டும். மூழ்கினவர் உயிர் இழுப்பவர் கையில் உள்ளது. அவ்விருவரிடையே பகை புகுமாயின், முத்தைத் தேடிச் சென்றவர் உயிரையே இழக்க நேரும்.

இவ்வுண்மையைச் சிறு பறவைகளின் வாயிலாக விளக்கும் கதை ஒன்று புத்த சாதகக் கதைகளுள் உண்டு. சாதகக் கதைகள் புத்தர்பெருமானின் முற்பிறப்புக்களைக் கூறுவன. பாலிமொழித் தொகுப்பில் அவை 547 ஆகும். தமிழில் சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் வரும் கடல்தெய்வம், அக்கதைகளிலும் கடலில் இடருற்றாரைக் காக்கும் தெய்வமாக வருகிறது.

சுமை தூக்குவோர் தலையில் வைக்கும் சும்மாடு ஒன்று காரணமாகக் கபிலவாஸ்துவில் உறவினர்க்குள் பூசல் மூண்டது. அதனை அறிந்த புத்தர் இக்கதையைக் கூறினார்.

ஒரு காட்டில் காடைகள் பல வாழ்ந்தன. வேடன் ஒருவன் காடைபோல் குரல் எழுப்பி அவற்றை ஓரிடத்தில் கூட்டி, வலைவீசிப் பிடித்துவந்தான். அறிவிற் சிறந்த காடை ஒன்று தன் இனத்தை நோக்கி, "வலை விழுந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கண்ணியில் தலையை நுழைத்து ஒன்றாகப் பறப்போம். முட்புதரில் வலையை விடுத்து அடிவழியே தப்புவோம்" என்றது. அவை அவ்வாறே செய்தன. வேடன் நாள்தோறும் வெறுங்கையனாய் வீடு திரும்பினான். சினந்த மனைவியிடம், "அவை ஒன்றுபட்டுள்ளன. பிணங்கும் நாள் வரும், அதுவரை பொறுத்திரு" என்றான்.

அந்நாளும் வந்தது. இரை தேட இறங்கிய ஒரு காடை, அறியாது மற்றொன்றின் தலையை மிதித்தது. மிதித்த காடை பொறுத்தருள வேண்டியும் மற்றது தணியவில்லை. "வலையைத் தூக்குபவன் நீ ஒருவனோ?" என்று இரண்டும் மாறிமாறி இகழ்ந்தன. அறிவுடைய காடை வரும் கேட்டை உணர்ந்து, தன் சொற்கேட்டவற்றுடன் அவ்விடம் விட்டு நீங்கியது. எஞ்சியவற்றின்மேல் வலை விழுந்தது. "முதலில் நீ தூக்கு" என்றது ஒன்று. "நீயே தூக்கு" என்றது மற்றொன்று. வலை எழவில்லை. வேடன் கூடை நிறைந்தது.

காடைகளின் வலிமை சிறகில் மட்டும் இருந்ததன்று, ஒற்றுமையில் இருந்தது. வலை முன்னைய வலையே. பறவைகளும் முன்னைய பறவைகளே. மாறியது மனம் ஒன்றே. சும்மாடும் தலைமிதியும் மிகச் சிறியனவே. ஆயினும் அவற்றைப் பொறுக்கமாட்டாதவர் பேரிழப்பை எய்துவர். ஒருவர் மூழ்க ஒருவர் கயிறு பிடிக்கும் கடற்றொழிலுக்கேயன்றி, கூடிவாழும் மக்கள் அனைவர்க்கும் இக்கதை நல்வழி காட்டுவதாகும்.