திட்டம் வீடு சேரும் வழி பள்ளி

பெரம்பலூரும் அரியலூரும் ஒரு காலத்தில் ஒரே மாவட்டம். 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2007 நவம்பரில் அரியலூர் தனி மாவட்டமானது. ஒருபுறம் மானாவாரி மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மறுபுறம் முந்திரி, சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை. மழை பொய்த்தாலும் வெங்காய விலை இறங்கினாலும் அதன் அடையாளம் நம் வருகைப் பதிவேட்டில் தெரிந்துவிடும். அம்மாவோடு பருத்தி எடுக்கப் போன பிள்ளை, பெற்றோரோடு வெளியூர்க் கட்டட வேலைக்குப் போய்விட்ட பிள்ளை என இடைவெளிகள் விழத் தொடங்கும். வறுமையை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியரே.

அரசின் உதவிகள் பல இருக்கின்றன. அவை உரிய குழந்தையைச் சேராமல் நடுவழியில் நின்றுவிடுவதுதான் சிக்கல்.

நாம் தெரிந்திருக்க வேண்டியவை

1. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம்: 15.9.2022 அன்று மதுரையில் தொடங்கி, 25.8.2023 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. 1 முதல் 5 வரை படிக்கும் குழந்தைகளுக்கானது.

2. ஊட்டச்சத்தை உறுதி செய்: இதன் இரண்டாம் கட்டம் 15.11.2024 அன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் தொடங்கியது. பள்ளிக்கு வரும் முன்பே மெலிந்துபோகும் குழந்தையைக் காப்பது இதன் நோக்கம்.

3. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகை: 8-ஆம் வகுப்பில் தேர்வு. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்கு மிகக் கூடாது. தேர்வானால் 9 முதல் 12 வரை மாதம் ரூ.1,000, நான்கு ஆண்டுகளில் ரூ.48,000.

4. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கு உயர்கல்வியில் மாதம் ரூ.1,000. இடையில் தனியார் பள்ளிக்கு மாறினால் தகுதி போய்விடும் என்பதைப் பெற்றோரிடம் 6-ஆம் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

5. வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தரமாக முடங்கினால், அரசு மற்றும் உதவிபெறும் பள்ளி மாணவர் பெயரில் ரூ.75,000 வைப்புத்தொகை. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பல குடும்பங்களுக்கு இப்படி ஓர் உதவி இருப்பதே தெரியாது.

6. அன்புக் கரங்கள்: 15.9.2025 அன்று தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகள், ஒருவரை இழந்து மற்றவரும் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள குழந்தைகள் ஆகியோருக்கு 18 வயது வரை மாதம் ரூ.2,000.

எங்கே தடைபடுகிறது?

பெரும்பாலும் காகிதத்தில். எமிஸில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து. வருமானச் சான்று இல்லை. வங்கிக் கணக்கு இயங்கவில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் அது கிடைக்காது. விண்ணப்பத்தின் கடைசி நாளில் இவற்றைத் தேடினால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் தாய் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். ஜூன், ஜூலையிலேயே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இருக்கும் சான்று, இல்லாத சான்று, தகுதியுள்ள திட்டம் என்று குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஊரின் பங்கு

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரை இக்கூட்டத்தில் பேசினால், அந்தத் தெருவிலிருந்தே ஒருவர் போய் விசாரிப்பார். காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது நம்மைவிட அவர்களுக்கு முன்பே தெரியும்.

ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் பள்ளியின் தேவையைத் தீர்மானமாக வைக்கலாம். சுரங்கங்கள் உள்ள பகுதியில் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியைக் கல்விக்கும் குடிநீருக்கும் கேட்க முடியும். 19.12.2022 அன்று தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியே முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் உதவலாம். நன்கொடையாளரிடம் கேட்கும்முன் தேவையைக் குழுவே எழுதி முடிவு செய்ய வேண்டும். இல்லையெனில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாத பள்ளிக்கு வண்ணப் பூச்சு மட்டும் வந்து சேரும்.

பெண் குழந்தை திடீரென நின்றுவிட்டால் தாமதிக்கக் கூடாது. 18 வயதுக்கு முன் திருமண ஏற்பாடு என்ற ஐயம் எழுந்தால் 1098-க்குச் சொல்ல வேண்டும்.

வகுப்பறையில்

சமூக அறிவியலில் வறுமை, மக்கள்நல அரசு பற்றி நடத்தும்போது, 8, 9 வகுப்பு மாணவரைக் குழுவாகப் பிரித்து ஊராட்சி அலுவலகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை ஆகியவற்றில் என்னென்ன சேவைகள் கிடைக்கின்றன என்று கேட்டு எழுதிவரச் செய்யலாம். ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கொடுத்து, அதற்கு எந்தத் திட்டங்கள் பொருந்தும், என்ன சான்றுகள் வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். விண்ணப்பம் எழுதுதல் தமிழ்ப் பாடத்துக்கும், நான்காண்டுத் தொகையைக் கணக்கிடுதல் கணக்குப் பாடத்துக்கும் ஆகும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. எந்தப் பிள்ளையின் வீட்டு நிலையும் வகுப்பில் எடுத்துக்காட்டு ஆகக் கூடாது. உதவித்தொகைப் பெயர்களை உரக்கப் படிக்காமல் தனியே அழைத்துச் சொல்லலாம். இது தயவு அல்ல, அவர்களுக்கு உரியது என்று நாம் நம்பினால், நம் குரலிலேயே அது தெரியும். அப்படிக் கேட்ட பிள்ளை அடுத்த சான்றிதழைத் தயங்காமல் கொண்டுவந்து தரும்.