நுரை எங்கிருந்து வருது? மண் எங்கே போகுது?

இந்த மாதக் கூட்டத்தில் சந்தா, உள்கடன் கணக்கு முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கி இந்தப் பாடத்தைப் படியுங்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.

நம்ம ஆறு

தென்பெண்ணை கர்நாடகாவில் நந்தி மலையில் பிறக்கிறது. பெங்களூருக்குக் கிழக்கே வரும்போது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் தண்ணீரும் அதில் சேர்கிறது. நகரத்துச் சாக்கடை கலந்த பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பிடித்தே எரிந்தது. அந்த வழியாக வரும் தண்ணீர்தான் நம்ம கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையின் உயரம் 44.28 அடி. சுமார் 8,000 ஏக்கர் இதை நம்பி இருக்கிறது. இங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை தாண்டி, கடலூர் பக்கம் கடலில் சேரும் வரை எத்தனையோ ஊருக்கு இதே ஆறுதான்.

நுரை ஏன் வருது?

துணி சோப்பு, பாத்திர சோப்பு, ஆலைக் கழிவு இவை தண்ணீரில் கரைந்து இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. மதகு திறந்து தண்ணீர் மேலிருந்து விழும்போது காற்று கலந்து நுரை பொங்குகிறது. காற்றடித்தால் நுரை பறந்து தக்காளி, கோஸ் தோட்டத்திலும் ரோட்டிலும் விழுகிறது. மழை பெய்யும் நாள் பார்த்துக் கழிவைத் திறந்து விடுகிறார்கள் என்று விவசாயிகள் பல வருஷமாகப் புகார் சொல்கிறார்கள். நுரையைப் பிள்ளைகள் கையில் அள்ளி விளையாட விடாதீங்க.

மழைத்தண்ணி எதைக் கொண்டு போகுது?

முதல் மழை ஊரையே கழுவுகிறது. ரோட்டில் சிந்திய எண்ணெய், பட்டறைக் கழிவு, பிளாஸ்டிக் பை, மாட்டுச் சாணம், வயலில் போட்ட உரம், பூச்சி மருந்து எல்லாம் ஓடை வழியாக ஏரிக்குப் போகிறது. உரமும் சாக்கடையும் சேர்ந்தால் ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம்.

இதோடு மண்ணும் போகிறது. புல் இல்லாத கரையும், சரிவுக்கு நேராக உழுத நிலமும் மழையில் கரையும். நிலத்தில் மேல்மண்தான் சத்து. அது போனால் அடுத்த வருஷம் உரச் செலவு கூடும். போன மண் அணையில் படிந்தால் தண்ணீர் நிற்கும் இடம் குறையும். ஒரே மண்ணால் இரண்டு நஷ்டம்.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதும், நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட மழைக்கு வாய்க்கால் அடைபடாமலும் கரை பலமாகவும் இருக்கணும்.

செய்து பாருங்கள்

மழை விட்டதும் ஓடைத் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் படிந்திருப்பது யாரோ ஒருவர் வயலின் மேல்மண். பிறகு குலுக்கிப் பாருங்கள். நல்ல தண்ணீரில் நுரை சீக்கிரம் உடையும். சோப்பு கலந்திருந்தால் வெகுநேரம் நிற்கும்.

நாம் செய்யக்கூடியவை

1. ஓடை ஓரம் பத்தடி அகலத்துக்கு உழாமல் புல் விடுங்கள். கறவை மாட்டுக்குத் தீவனமும் ஆச்சு.
2. சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். வரப்பில் வெட்டிவேர், கரையில் நொச்சி, புங்கன், பனை வையுங்கள்.
3. சாணக் குழியை வாய்க்காலை விட்டுத் தள்ளி அமைத்து, சுற்றி மண்கரை போடுங்கள்.
4. மருந்து டப்பாவை ஓடையில் கழுவாதீங்க.
5. மழைக்கு முன்பே ஊராட்சியிடமோ வார்டு கவுன்சிலரிடமோ சொல்லி வாய்க்காலைத் தூர்வார வையுங்கள்.

தட்டிக் கேட்க வேண்டியவை

"நாம சோப்பைக் குறைச்சா நுரை நின்னுடுமா?" என்று கேட்பீர்கள். நிற்காது. நகரத்துச் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுத்திகரித்து விடுவது அரசின் பொறுப்பு, ஆலைகளின் பொறுப்பு. 1974-ஆம் ஆண்டு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் பொது.

கழிவு கலப்பதைப் பார்த்தால் தேதி, நேரம், இடம், நிறம், வாடை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். போட்டோ எடுங்கள். குழுவாகக் கையெழுத்திட்டு ஓசூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகை கேட்டு வாங்குங்கள். மார்ச் 22 தண்ணீர் நாள் கிராம சபையில் தீர்மானம் போட வையுங்கள். தனியாகப் போனால் "அப்புறம் வாம்மா" என்பார்கள். இருபது பேர் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். கடன் வாங்கப் பேங்குக்குப் போனபோதே நாம் கற்ற பாடம் இது.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

• நம்ம ஊர்ச் சாக்கடை கடைசியில் எங்கே போய்ச் சேருது?
• எந்த இடத்தில் கரை அரிச்சிருக்கு?
• இந்த மழைக்கு முன் நம் குழு செய்யப்போகும் ஒரு வேலை எது? யார் பொறுப்பு? எந்தத் தேதிக்குள்?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஊக்குநர் மறக்காமல் எடுத்து வர வேண்டும்.